சனிக்கிழமை மாலை எடுத்த ரத்தம்

1. இரண்டு முதல் நாள்

எனக்கு இந்த வேலையில் முதல் நாள் இரண்டு உண்டு. செங்கல்பட்டில் டயாலிசிஸ் டெக்னீசியன் டிப்ளமோ முடித்துவிட்டு, கேளம்பாக்கத்து யூனிட்டில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றது முதலாவது. மிஷின் அலாரம் அடித்தால் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே கவலை. பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் தேவராஜ் அதே யூனிட்டில் நோயாளியாக வந்து படுத்தது இரண்டாவது. அன்று எந்த அலாரமும் அடிக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடியது. நான்தான் டிரஸ்ஸிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் அப்பா அம்மா திருப்போரூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே குடியிருந்து நாவலூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் சிலர் எங்கள் யூனிட்டுக்கு வருகிறார்கள். அம்மா சேற்றில் நின்ற இடத்தில் ஏ.சி. போட்டுத் தூங்குகிற ஒருவருக்கு நான் ஊசி குத்துகிறேன். இதில் எனக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. சிரிப்பு மட்டும் வரும்.

தேவராஜ் நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற பிளான்ட்டில் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். அங்கேயும் ஆர்.ஓ., எங்கள் மிஷின்களுக்கும் ஆர்.ஓ. தண்ணீர்தான். கல்யாணமான புதிதில் சாப்பிடும்போது தண்ணீரை வடிகட்டுகிற மெம்பிரேனைப் பற்றிப் பேசிக்கொண்ட ஜோடி இந்த மாவட்டத்திலேயே நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கும். அவருக்கு பிரஷர் இருந்தது. மாத்திரை வாங்கிக் கொடுப்பேன், போட்டுக்கொண்டேன் என்பார். சத்தமே இல்லாமல் இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன.

டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன் இடது கையில் சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாயை ஒன்றாக இணைப்பார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அதன் மேல் விரல் வைத்தால் உள்ளே விர்ரென்று அதிரும், பூனை மடியில் படுத்து முனகுவது போல. அதை நாங்கள் திரில் என்போம். திரில் இருந்தால் குழாய் ஓடுகிறது என்று அர்த்தம். அதைத் தொட்டுப் பார்க்காமல் ஊசியை எடுக்கக் கூடாது.

முதல் தடவை வேறொரு டெக்னீசியனை அனுப்பினேன். தேவராஜ் கையை இழுத்துக்கொண்டார்.

"நீயே குத்து ரூத்து. வேற யாரும் வேணாம்."

"எனக்குக் கை நடுங்குதுயா."

"நடுங்கட்டும். நடுங்கிகினே குத்து."

இரண்டு விரலை அவர் கையில் வைத்தேன். திரில் நன்றாக இருந்தது. விரலை எடுக்காமலே கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, இந்தக் கிட்னியத் தொடுங்க. இந்த மிஷின இவரு இனிமே பாக்கவே கூடாது." அப்புறம் குத்தினேன். ஊசி நேராகப் போனது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. வாரம் மூன்று தடவை, செவ்வாய், வியாழன், சனி, காலை முதல் ஷிஃப்ட்டில், இரண்டு விரல், ஒரே ஜெபம்.

பக்கத்துப் படுக்கை காதர் பாயுடையது. கோவளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். எங்களுக்கு முன்பிருந்தே யூனிட்டில் இருக்கிறவர். நான் கண்ணைத் திறந்தால் அவர் முறைத்துக்கொண்டிருப்பார்.

"இன்னா சிஸ்டர், புருஷனுக்கு மட்டும் ஸ்பெஷல் துவாவா? நாங்கல்லாம் மனுஷனுங்க இல்லியா?"

"உங்களுக்கும் பண்றேன் பாய்."

"பண்ணு, பண்ணு. நான் இந்தப் பக்கம் பிஸ்மில்லா சொல்லிக்கிறேன். ரெண்டு பக்கமும் கேட்டு வெச்சா ஊசி எங்க வளையும்?"

2. ஒரு டம்ளர் தண்ணீர்

டயாலிசிஸ் நோயாளிக்கு எது பெரிய கஷ்டம் என்று வெளியாட்களைக் கேட்டால் ஊசி என்பார்கள். ஊசி பழகிவிடும். தாகம் பழகவே பழகாது. சிறுநீர் போகாததால் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். காலில் இறங்கும், நுரையீரலில் ஏறும். அதனால் நாளுக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு வைத்துவிடுவார். சோறு, குழம்பு, காபி எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

கடலையே குடிதண்ணீர் ஆக்கிச் சென்னைக்கு அனுப்புகிற இடத்தில் வேலை பார்த்தவருக்கு வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு என்னிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வெயில் காலத்தில் வேலை முடிந்து வருவார். சட்டை உப்புப் பூத்திருக்கும். ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலைப் பார்ப்பார், மூடுவார். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு வாசலில் போய் உட்காருவார்.

"இன்னா வேணும்யா உனக்கு, சொல்லு," என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒரு செம்பு தண்ணி. அண்ணாந்து குடிக்கணும். கழுத்தெல்லாம் வழியணும். வேற ஒண்ணியும் வேணாம்."

நான் அவருக்காகக் கேட்டதும் அதைத்தான். பெரிய அற்புதமெல்லாம் என் கண்ணில் வரவில்லை. தேவராஜ் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று போதும் என்று சொல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நெம்மேலி கடற்கரை ஓரமாக ஸ்கூட்டியில் வரும்போதெல்லாம் இதையே வேண்டிக்கொண்டு வருவேன். ஏங்கி ஏங்கி எனக்கே தொண்டை வறண்டுபோகும்.

சபையிலும் ஜெபித்தார்கள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் முதல் பெயரே தேவராஜ்தான். எங்கள் பாஸ்டர் மோசஸ் ஐயா அவர் தலையில் கை வைத்து, வேர்த்துக் கொட்டக் கொட்ட ஜெபிப்பார். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து தேவராஜின் முகத்தைப் பார்ப்பார் பாருங்கள், பரீட்சை எழுதிய பிள்ளை ரிசல்ட்டைப் பார்ப்பது மாதிரி.

3. கேசரி

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபை வளாகத்தில் இலவச மெடிக்கல் கேம்ப். பிரஷர், சுகர் பார்த்தார்கள். ஒரு லேபிலிருந்து ஆட்கள் வந்து வேண்டியவர்களுக்கு ரத்தம் எடுத்தார்கள். தேவராஜும் வரிசையில் நின்று கையை நீட்டியிருக்கிறார். எனக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட்டும் சேர்ந்துவிட்டதால் கேம்ப்புக்குப் போக முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்கு லீவு. ஆனால் எமர்ஜென்சி கேஸ் ஒன்று வந்து காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். ஆராதனைக்கும் போகவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வாசல் நிறையச் செருப்பு. கேசரி வாசனை. உள்ளே சபையில் பாதிப் பேர். பாஸ்டரம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ரூத்து, கர்த்தர் செஞ்சிட்டாரும்மா! கிரியாட்டினின் எறங்கிடிச்சி!"

கிரியாட்டினின் என்பது ரத்தத்தில் சேருகிற கழிவு. கிட்னி வேலை செய்யாவிட்டால் அது ஏறும். தேவராஜுக்குப் போன மாச ரிப்போர்ட்டில் ஒன்பதுக்கு மேல். இப்போது கேம்ப் ரிப்போர்ட் போனில் வந்திருக்கிறது. மூன்று சொச்சம். காலை ஆராதனையிலேயே பாஸ்டர் அதை வாசித்துவிட்டார். தேவராஜ் எழுந்து, "ஆண்டவர் என்னைச் சுகமாக்கிட்டார்" என்று சாட்சி சொல்லிவிட்டார். சபையே நின்று கைதட்டியிருக்கிறது.

பொய் சொல்லக் கூடாது. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் தொழில், படிப்பு, வருஷக்கணக்கான அனுபவம் எல்லாம் ஒரு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன. வந்துவிட்டது என்று நினைத்தேன். நான் கேட்டது வந்துவிட்டது.

அப்புறம்தான் கேட்டேன். "எப்ப எடுத்த சாம்பிள்?"

"நேத்து கேம்ப்புலதான். சாயங்காலம்," என்றார் தேவராஜ்.

சனிக்கிழமை காலையில்தான் அவருக்கு நான் டயாலிசிஸ் போட்டேன். மிஷின் நாலு மணி நேரம் ரத்தத்தைக் கழுவிவிட்டால் யாருக்குமே கிரியாட்டினின் இறங்கும். அப்போது எடுக்கிற ரத்தத்துக்குப் பெயர் போஸ்ட் சாம்பிள். செவ்வாய்க்கிழமைக்குள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். மூன்று சொச்சமும் நார்மல் கிடையாது, ரிப்போர்ட்டிலேயே அதிகம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. மகிழ்ச்சியில் இருக்கிறவர்களுக்குத் தடித்த எழுத்துத் தெரியாது.

வாயைத் திறக்கப் போனேன். அப்போது தேவராஜ் குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டார். எல்லோரும் பார்க்க அண்ணாந்து குடித்தார். கழுத்தில் வழிந்தது, சட்டை நனைந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். வருஷக்கணக்காக நான் வேண்டிய காட்சி அப்படியே என் முன்னால் நடந்தது. நிறுத்து என்று சொல்ல வேண்டிய நாக்கு எழவில்லை. அவர் முகம் அவ்வளவு நன்றாக இருந்தது.

செம்பைக் கீழே வைத்ததும் யாரோ ஒருவர் சீவின இளநீரை நீட்டினார். அதில் பொட்டாசியம் அதிகம். கிட்னி வேலை செய்யாதவருக்கு இதயத்தையே நிறுத்திவிடும். பாய்ந்து போய்ப் பிடுங்கிக் கொல்லையில் வீசினேன். பாஸ்டரம்மா கையில் கேசரித் தட்டோடு அப்படியே நின்றார்.

4. கேட்டது நீதானே

எல்லோரும் போன பிறகு தேவராஜிடம் விளக்கிச் சொன்னேன். ப்ரீ சாம்பிள், போஸ்ட் சாம்பிள் என்பதெல்லாம் அவருக்கும் தெரியாதது இல்லை. தினமும் பிளான்ட்டில் தண்ணீர் சாம்பிள் எடுக்கிறவர். உள்ளே போகிற தண்ணீருக்கும் வெளியே வருகிற தண்ணீருக்கும் ரிப்போர்ட் வேறு வேறு என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கொணமாவணும்னு ஒவ்வொரு தபாவும் கையில வெரல வெச்சிக் கேட்டது யாரு? நீதானே?"

"நான்தான்."

"அப்ப கெடச்சிடிச்சின்னு சொன்னா ஏன் நீயே நம்ப மாட்டேன்ற? ஊரே நம்புது. கேட்டவ நம்பல."

டெக்னீசியனிடம் பதில் இருந்தது. அவர் கேட்டது டெக்னீசியனை இல்லை. இவ்வளவு நாள் நம்பித்தான் கேட்டேனா, இல்லை கேட்க வேண்டுமே என்று கேட்டேனா? இந்தக் கேள்வி எனக்குள் முள்ளாக ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. சாட்சி சொல்லிவிட்டுப் போய் மிஷினில் படுத்தால் ஆண்டவருக்கு அவமானம் என்றார். யூனிட் வாசலில் இருக்கிற ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் சபை ஆட்கள் இரண்டு பேர் வண்டி ஓட்டுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் யூனிட்டுக்குள் நுழையவே முடியாது என்பது அவர் சொல்லாத இன்னொரு காரணம்.

காதர் பாய் காலிப் படுக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கும் அதே ரிப்போர்ட் வந்திருந்தா நானும் இங்க வந்திருக்க மாட்டேன் சிஸ்டர். அவன் மேல கோவப்படாத. பேஜாரா கீது, பேசறதுக்கு ஆளு இல்ல. கூட்டிகினு வா."

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து பாஸ்டர் ஐயாவைப் பார்க்கப் போனேன். சபை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அது டயாலிசிஸ் முடிஞ்சி எடுத்த ரத்தம். சொகமில்ல. நீங்க சொன்னாதான் அவரு வருவாரு."

"அவிசுவாசமாப் பேசாதம்மா ரூத்து."

"நான் விசுவாசத்தப் பத்திப் பேசல ஐயா. அவருக்கு நேத்திலேர்ந்து மூச்சு வாங்குது. படுக்க முடியல. உக்காந்துகினே தூங்கறாரு."

அவர் கையிலிருந்த நாற்காலியை வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு பேசியது பாஸ்டர் குரலில் இல்லை.

"ஊழியத்துக்கு வந்த நாளா எத்தினி பேரு தலையில கை வெச்சிருக்கேன். காய்ச்ச போயிருக்கு, தலவலி போயிருக்கு. இந்த மாதிரி ஒண்ணு, டாக்டரு கைவிட்டது, என் கண்ணு முன்னால எழுந்து நின்னது இல்லம்மா. தேவராஜுதான் மொத ஆளு. ஞாயித்துக்கெழம ராத்திரி நான் சந்தோஷத்துல சாப்பிடவே இல்ல."

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே உடைந்துவிட்டது. நான் ஒரு செம்பு தண்ணீருக்கு ஏங்கினேன். அவர் ஒரே ஒரு ஆளுக்கு ஏங்கியிருக்கிறார். ரிப்போர்ட் எங்கள் எல்லோருடைய ஏக்கத்துக்கும் சரியாகப் பொருந்திவிட்டது. அதனால்தான் யாரும் தேதியைப் பார்க்கவில்லை, நேரத்தைப் பார்க்கவில்லை.

"நானும் சாப்பிடல ஐயா," என்றேன்.

5. வியாழக்கிழமை

வியாழக்கிழமை காலையில் நான் யூனிட்டில் மிஷின்களை பிரைம் செய்துகொண்டிருந்தேன், அதாவது குழாய்களில் சலைன் ஓட்டிக் காற்றை எடுப்பது. வாசலில் ஆட்டோ சத்தம். சபைக்காரரின் ஷேர் ஆட்டோதான். பாஸ்டர் ஐயா தேவராஜைத் தோளில் தாங்கி இறக்கினார். முகம் ஊதியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு வார்த்தை பேசினால் இரண்டு மூச்சு வாங்கியது.

"விடியக் காலையில இவன் வூட்டுக்குப் போனேம்மா," என்றார் பாஸ்டர். "ஜெபிக்கத்தான் போனேன். பாத்தேன். ஜெபத்த ஆட்டோவுல பண்ணிக்கலாம்னு தூக்கிகினு வந்துட்டேன்."

டாக்டர் மேடம் ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"பொட்டாசியம் எகிறியிருக்கு! ரூத், நீங்க வீட்டுல இருந்தும் எப்படி இது?"

நான் வீட்டில் இருந்தேன், அவர் செம்பைத் தூக்கியபோது தடுக்காமல் பார்த்துக்கொண்டும் இருந்தேன், அதுதானே விஷயம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஊசி மருந்துகள் ஏற்றினார்கள். மிஷின் தயாராக இருந்தது. கையைப் பிடித்து ஃபிஸ்டுலாவில் இரண்டு விரலை வைத்தேன். திரில் இருந்தது, ரொம்ப மெல்லிசாக.

வழக்கமான ஜெபம் வாய்க்கு வரவில்லை. கிட்னியைத் தொடுங்க என்று கேட்க அன்று எனக்குத் துணிவும் இல்லை, நேரமும் இல்லை. "ஆண்டவரே, இந்தக் குழாய் ஓடணும். இந்த மிஷின் ஓடணும். இவரு மூச்சு விடணும்." அவ்வளவுதான் சொன்னேன். இவ்வளவு நாளும் அந்த மிஷினைத் துரத்திவிடும்படி கேட்டவள், அன்று அது நிற்காமல் ஓட வேண்டும் என்று கேட்டேன். குத்தினேன். ரத்தம் குழாயில் ஏறியது.

பாஸ்டர் ஐயாவுக்கு மாஸ்க், காலுக்கு உறை எல்லாம் மாட்டி உள்ளே விட்டோம். டயாலிசிஸ் நடப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. தேவராஜின் ரத்தம் வெளியே வந்து, சுற்றி, திரும்ப உள்ளே போவதைப் குனிந்து நின்று பார்த்தார். பிறகு பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தார்.

"ரூத்து, இந்த மிஷினுக்குக் கொஞ்சம் எண்ணெ பூசி ஜெபிக்கட்டுமா?"

"ஐயா, மிஷினத் தொடாதீங்க. இன்ஃபெக்‌ஷன் ஆயிடும். அவரு நெத்தியில மட்டும் வைங்க."

காதர் பாய் தன் படுக்கையிலிருந்து குரல் கொடுத்தார். "பாஸ்டரே, மிஷினுக்குப் போன வாரந்தான் சர்வீஸ் பண்ணாங்க. எண்ணெ போடலன்னாலும் ஓடும்."

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தேவராஜ் அதிலும் சிரித்தார். மாஸ்க்குக்குள் பாஸ்டர் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. நெற்றியில் எண்ணெய் வைத்துவிட்டு டயாலிசிஸ் முடிகிற வரைக்கும் கால்மாட்டில் நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. முடிகிற நேரத்தில் தேவராஜ் படுத்த வாக்கில் தூங்கியிருந்தார். தலையணையில் தலை சாய்த்து அவர் தூங்கிப் பார்த்து இரண்டு நாளாகியிருந்தது. அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டு, இதுவும் சுகம்தான் என்று எனக்குத் தோன்றியது. முழுச் சுகம் இல்லை, மறுபடி சனிக்கிழமை தேவைப்படும். ஆனாலும் சுகம்தான்.

6. இன்னொரு சாட்சி

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் தேவராஜ் எழுந்து நின்றார். என்ன சொல்லப் போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை.

"போன வாரம் நான் சொன்ன சாட்சி தப்பு," என்றார். "நான் சொகமாவல. அது டயாலிசிஸ் முடிஞ்சி எடுத்த ரிப்போர்ட்டு. எனக்கே உள்ளுக்குள்ள தெரியும். ஆனா நம்பணும்னு ஆசையாக் கீதே, அதனால நம்பிட்டேன். வாரத்துக்கு மூணு தபா கேளம்பாக்கத்துல மிஷின்ல படுக்கறேன். இனிமேலும் படுப்பேன். ஆட்டோ ஸ்டாண்டுல பாத்தா பாத்துக்கங்க. தாகமாக் கீது. ஆண்டவர்கிட்ட கேட்டுகினுதான் கீறேன். குடுத்தா சொல்றேன். குடுக்கலன்னாலும் வந்து சொல்றேன். அவ்ளோதான்."

சாட்சி முடிந்தால் கீபோர்டு வாசிக்கிறவர் சந்தோஷப் பாட்டின் மெட்டைத் தொடங்குவது எங்கள் சபை வழக்கம். பழக்கதோஷத்தில் தொடங்கிவிட்டு, பாதியில் நிறுத்திவிட்டார். சுகமாகவில்லை என்பதற்கு என்ன வாசிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று சபைக்கும் தெரியவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "என் மவன் குடிய இன்னும் வுடல. நானும் கேட்டுகினுதான் கீறேன்." இன்னொருவர், "என் பொண்ணுக்குக் கொழந்த இல்ல. நானுந்தான்." போன வாரம் வரை இவர்களெல்லாம் வாயே திறக்காதவர்கள். கிடைத்தவர்கள்தான் எழுந்து நிற்பார்கள், கிடைக்காதவர்கள் கைதட்டுவார்கள், எங்கள் சபையில் அதுதான் முறையாக இருந்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவரை அன்று எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

7. கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கு

இப்போது யூனிட்டில் நான்தான் இன்சார்ஜ். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சில விஷயங்களைச் சொல்வேன். நோயாளி ஒருவர் ரிப்போர்ட்டைக் காட்டி எனக்கு நல்லாயிடுச்சு சிஸ்டர் என்றால் சிரிக்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். சாம்பிள் எப்போது எடுத்தது என்று கேளுங்கள். அவர் முகம் வாடுகிற வரைக்கும் பக்கத்திலேயே இருங்கள், சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடாதீர்கள். ஜெபம் பண்ணட்டுமா என்று யாராவது கேட்டால் பண்ணச் சொல்லுங்கள், எந்தச் சாமியாக இருந்தாலும். மிஷினை மட்டும் தொட விடாதீர்கள். ஜெபிக்கிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள், டயாலிசிஸுக்கு வருவதால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று. இதை நான் தைரியமாகச் சொல்வேன். மற்றதெல்லாம் எனக்கும் முழுசாகத் தெரியாது.

விசுவாசத்தில் வளர்ந்தாயா என்று கேட்டால், முன்பு நான் ஆண்டவரிடம் முடிவை மட்டும் கேட்டேன். பிறகு ஒவ்வொரு தடவையும் அன்றைக்கு வேண்டியதையும் சேர்த்துக் கேட்கப் பழகினேன். முதல் வேண்டுதலை விட்டுவிடவில்லை. ஒரு செம்பு தண்ணீரை நான் கேட்காத நாளே இல்லை.

தேவராஜ் அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தார். மாற்றுக் கிட்னிக்குப் பெயர் பதிந்திருந்தோம். போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுப்பார். அந்த அழைப்பு வரவில்லை. ஒரு மழைக்கால விடியலில், நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்த இடத்திலேயே இதயம் நின்றுவிட்டது. என் கையில்தான் இருந்தார். பழக்கத்தில் விரலை ஃபிஸ்டுலாவில் வைத்துப் பார்த்தேன். அமைதியாக இருந்தது.

காதர் பாய் மிஷினிலிருந்து இறங்கியதும் கையில் கட்டுப் போட்டபடியே வந்தார். "எனக்கு முன்னால போயிட்டானே," என்று மட்டும் சொல்லிவிட்டு, கல்லறை வரைக்கும் நடந்தே வந்தார்.

எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பது கிடையாது. போனவர் ஆண்டவர் கையில் இருக்கிறார், இனி நாம் கேட்க எதுவுமில்லை என்பது போதனை. மோசஸ் ஐயா இதில் ரொம்பக் கண்டிப்பு. மறந்துபோய் ஒரு வீட்டில் அப்படி ஜெபித்தபோது பாதியிலேயே நிறுத்தித் திருத்தியவர்.

தேவராஜ் போய்ச் சில மாதம் கழித்து எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். கடைசியில் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். நன்றி சொன்னேன், யூனிட்டில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்தேன், காதர் பாய் உட்பட. வரிசையாகப் பெயர்கள் வந்துகொண்டிருந்தபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆண்டவரே, தேவராஜுக்கு சொகம் தாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. பாஸ்டரம்மா என் கையைப் பிடித்தார். திருத்திச் சொல்ல வேண்டும் என்று தெரியும். ஆனால் திருத்த மனம் வரவில்லை. எனக்கு இன்னும் அதுதான் வேண்டும். கண்ணைத் திறக்காமல் மோசஸ் ஐயா நிறுத்தச் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமென்," என்றார், கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.